பீட்டன் அம்மாவின் தடிப் புத்தகம்: கறித்தூளில் கோட்டை விட்டாலும் கணக்கில் கெட்டிக்காரி

முதலில் காசுக் கதை. இங்கிலாந்துக்காரி இசபெல்லா பீட்டன் 1861இல் எழுதிய வீட்டு நிர்வாக, சமையல் புத்தகம் முழுவதும், பழைய நூல்களை இலவசமாகத் தரும் குட்டன்பேர்க் இணையத்தளத்தில் சும்மா கிடக்கிறது. ஃபோனிலேயே வாசிக்கலாம். அப்படியிருக்க அச்சுப் பிரதிக்குக் காசு கொடுக்கலாமா என்றால், கொடுக்கலாம் என்பதுதான் என் கட்சி. ஆனால் அதைப் பார்த்துச் சமைக்கலாம் என்ற ஆசையோடு வாங்கினால் ஏமாந்துதான் போவீர்கள். மனைப்பொருளியல் படிப்பித்து ஓய்வுபெற்று, இப்போது மட்டக்களப்புக் கல்லடியில் வீட்டோடு கேக், சோட்டீட்ஸ் ஓடர் எடுக்கிறவள் நான். அந்தக் கண்ணால் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

என்னிடம் உள்ளது 1861 முதற்பதிப்பை அப்படியே படம் பிடித்து அச்சடித்த பிரதி. மகள் லண்டனில் இருந்து அனுப்பினாள். 1,112 பக்கம். மடியில் வைத்து வாசிக்க முடியாது, மேசை வேண்டும். எழுத்து பொடிப்பொடியாக இருக்கிறது. மூலத்தில் நிறத்தில் வந்த படத்தாள்கள் இதில் கறுப்பாகத் திட்டுத்திட்டாய் விழுந்திருக்கின்றன; எது மீன், எது பாத்திரம் என்று உற்றுப் பார்க்க வேண்டும். முதுகுப் பசையும் சரியில்லை. மீன் அத்தியாயம் இப்போதே கழன்று தனியாக நிற்கிறது. அச்சடித்தவர்கள் விலையில் காட்டிய அக்கறையைப் பசையில் காட்டவில்லை.

எழுதியவர் பழுத்த அனுபவசாலி என்று நினைத்துவிட வேண்டாம். பிறந்தது 1836இல், புத்தகம் வந்தபோது வயது 25. நாலாவது பிள்ளை பிறந்த கையோடு பிரசவக் காய்ச்சல் கண்டு 1865இல் இறந்துபோனார், 28 வயதில். கணவர் சாமுவேல் பதிப்பாளர். 1859 முதல் மாதத்துக்கு ஒன்றாக 24 பகுதிகள் வெளியிட்டுப் பிறகு புத்தகமாக்கினார். முதல் வருடத்திலேயே 60,000 பிரதி விற்றது. குறிப்புகளில் பெரும்பகுதி மற்றவர்களிடம் எடுத்தவை. எலைசா அக்டன் 1845இல் வெளியிட்ட சமையல் புத்தகத்தில் இருந்து நிறையவே அள்ளியிருக்கிறார். இன்றைக்கு யாராவது அப்படிச் செய்தால் ஃபேஸ்புக்கில் கிழித்துத் தொங்கவிடுவார்கள். ஆனால் தாயின் மறுமணத்தோடு 21 பிள்ளைகளாகப் பெருகிய வீட்டில் மூத்த பெண்பிள்ளையாக வளர்ந்தவர். சமைக்கத் தெரிந்ததோ இல்லையோ, வீடு நடத்தத் தெரிந்திருக்கும்.

இனிக் கறித்தூள். மட்டக்களப்பில் இருந்துகொண்டு அதைச் செய்து பார்க்காமல் இருக்க முடியுமா? மல்லி கால் இறாத்தல், மஞ்சள் கால் இறாத்தல், வெந்தயம் 2 அவுன்ஸ், கறுவா விதை 2 அவுன்ஸ், கடுகு ஒரு அவுன்ஸ், வேர்க்கொம்பு ஒரு அவுன்ஸ், ஓல்ஸ்பைஸ் அரை, மிளகாய்த்தூள் அரை. நற்சீரகம், பெருஞ்சீரகம், மிளகு மூன்றும் கிடையாது. கறிவேப்பிலையைப் பற்றிப் பேச்சே இல்லை. கூட்டிப் பாருங்கள், 15 அவுன்ஸ் தூளில் மிளகாய் அரை அவுன்ஸ், மஞ்சள் மட்டும் நாலு அவுன்ஸ். இவ்வளவு மஞ்சளை நம்மூரில் சாமத்தியச் சடங்குக்குத்தான் அரைப்பார்கள்.

அளவைக் காற்பங்காக்கி, கறுவா விதைக்குப் பட்டையைப் போட்டு, அவர் சொன்னபடியே செய்தேன். வறுக்கச் சொல்லவில்லை. சூடு குறைந்த ஓவனில் ஒரு இரவு முழுக்க வைத்து, காலையில் இடித்து அரிக்க வேண்டும். வெந்தயம் கல்லுப்போல நின்றது. அரிதட்டில் தங்கிய கப்பியை இரண்டாம் தரமும் உரலில் போட்டேன். போத்தலைத் திறந்தால் மல்லி வாசத்துக்கு முன்னால் பச்சை மஞ்சள் மூக்கில் ஏறுகிறது. கோழி ஒன்றைத் தேங்காய்ப்பால் விட்டு இந்தத் தூளில் ஆக்கினேன். நிறம் கலியாண வீட்டுச் சாம்பார்போல அழகாகத்தான் இருந்தது. வாயில் வைத்தால் வெந்தயக் கசப்பு, பின்னால் கறுவா இனிப்பு, நடுவில் ஒன்றுமில்லை. மனுசன் பேசாமல் ஊறுகாய்ப் போத்தலை எடுத்துவந்து வைத்தார்.

இதில் வேடிக்கை, 1747இலேயே ஹானா கிளாஸ் என்ற இன்னொரு ஆங்கிலேயப் பெண் தன் புத்தகத்தில் கறிக்கு மல்லியை நெருப்பில் வாட்டி இடிக்கச் சொல்லியிருக்கிறார், அதுவும் சுத்தமான சவள் (மண் அள்ளும் கருவி) ஒன்றில் வைத்து. ஆங்கிலத்தில் அச்சான முதல் கறிக் குறிப்பு அதுதான். 114 வருடம் கழித்து வந்தவர் வறுக்கிறதைக் கைவிட்டுவிட்டார். ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்ள வேண்டும்: குறிப்பின் அடியிலேயே, நல்ல கடையில் வாங்கும் தூள் இதைவிட எவ்வளவோ மேல், பல நேரம் மலிவும்கூட என்று பீட்டனே எழுதிவைத்திருக்கிறார். நேர்மைக்காரி.

மற்றச் சமையலைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பெரிய கரட்டை இரண்டே கால் மணித்தியாலம் வரை அவிக்கச் சொல்கிறார். மக்கரோனிக்கு ஒன்றரை மணித்தியாலத்துக்கு மேல். உள்ளியின் மணம் பொதுவாக யாருக்கும் பிடிக்காது என்கிறார். தக்காளிச் செடியின் சாறு நெருப்பில் பட்டால் வரும் ஆவியில் தலைசுற்றி வாந்தி வருமாம். மிளகுதண்ணீர் சூப்பில் கோழி அல்லது முயல் இறைச்சியும், அதோடு பன்றி இறைச்சியும் போகின்றன.

ஆனால் ஒவ்வொரு குறிப்பையும் அவர் அடுக்கியிருக்கிற விதத்தைப் பார்த்தபோதுதான் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். தேவையான பொருள் மேலே, அளவோடு. அக்டன் அதைக் குறிப்பின் கடைசியில் வைத்திருந்தார், இவர் தலைக்குக் கொண்டுவந்தார். கீழே செய்முறை. அதற்குப் பிறகு எவ்வளவு நேரம், சராசரியாக என்ன செலவு, எத்தனை பேருக்குப் போதும், எந்தக் காலத்தில் கிடைக்கும் என்று வரிசையாக வருகிறது. கிறிஸ்மஸ் புடிங்கைப் பாருங்கள். முந்திரிகை வற்றல் ஒன்றரை இறாத்தல், பாண் தூள் முக்கால், மாட்டுக் கொழுப்பு முக்கால், முட்டை 8, பிறண்டி ஒரு வைன் கிளாஸ். 5, 6 மணித்தியாலம் அவியல், பரிமாறுகிற அன்றைக்கு இன்னும் 2 மணித்தியாலம். செலவு 4 ஷிலிங். வைத்தால் கெடாது, ஆகவே ஒரே தரத்தில் ஐந்தாறு அவித்து வையுங்கள் என்ற யோசனையும் உண்டு. ஓடர் எடுக்கிறவர்களுக்குப் பொன்னான வரி அது.

நம்மில் எத்தனை பேர் நூறு கட்லட்டுக்கு விலை சொல்லும்போது கணக்குப் பார்த்துச் சொல்கிறோம்? பக்கத்து வீட்டுக்காரி என்ன விலைக்குக் கொடுக்கிறாள் என்று கேட்டு அதில் ஐந்து ரூபாய் குறைத்துச் சொல்வதுதான் நம்முடைய பொருளாதாரம். மீனும் கிழங்கும் நினைவில் இருக்கும். பாண் தூள், பொரித்த எண்ணெய், காஸ், டவுனுக்குக் கொண்டுபோன ஓட்டோ எல்லாம் காற்றோடு போகும். இப்போது என் கொப்பியில் ஒவ்வொரு ஓடருக்கும் கீழே பீட்டன் பாணியில் இரண்டு வரி எழுதுகிறேன். அவர் விட்ட ஒன்றையும் சேர்த்துக்கொள்கிறேன்: அவருடைய குறிப்புகளில் விறகு, நிலக்கரிக் காசு என்று தனியாக ஒன்றும் கிடையாது. காஸ் சிலிண்டரை அப்படி விட்டால் எனக்குக் கட்டாது. வீட்டுச் செலவுக் கணக்கை அன்றாடம் எழுதி, மாதத்துக்கு ஒரு தடவையாவது கையில் உள்ள காசோடு சரிபார்க்க வேண்டும் என்ற அறிவுரைக்கு இன்றைக்கும் மாற்றுக் கருத்து இல்லை.

தர்மத்துக்குக்கூடக் கணக்கு வைத்த பெண் இவர். 1858 மாரியில், தான் குடியிருந்த ஊரில் ஒரு டசின் குடும்பங்களுக்குக் கிழமைதோறும் 8, 9 கலன் சூப் காய்ச்சிக் கொடுத்தாராம். அந்தக் குறிப்பும் உள்ளது. பத்துக் கலன் தண்ணீருக்கு மாட்டுத் தாடை இறைச்சி, எலும்பு, வெங்காயம், 4 இறாத்தல் அரிசி அல்லது பார்லி, அரை இறாத்தல் சீனி, அரைப் பைந்து பியர். ஆறரை மணித்தியாலம். குவார்ட்டுக்கு, அதாவது கால் கலனுக்கு, ஒன்றரைப் பென்ஸ். 2011 வெள்ளத்தில் பாடசாலை முகாமில் கிடாரத்தில் கஞ்சி காய்ச்சியவள் என்ற முறையில் சொல்கிறேன், 45 லீற்றருக்கு 1.8 கிலோ அரிசி என்றால் அது அரிசி கழுவிய தண்ணி. எங்கள் சனம் கோப்பையைத் திருப்பித் தந்திருக்கும். இருந்தாலும் நாங்கள் அன்றைக்கு எத்தனை கிலோ போட்டோம், தலைக்கு என்ன செலவு வந்தது என்று ஒரு துண்டிலாவது எழுதி வைத்தோமா? இல்லை.

வேலைக்காரர் அத்தியாயத்தை மட்டும் தனியே இருந்து வாசிக்காதீர்கள், துணைக்கு ஆள் வைத்துக்கொள்ளுங்கள். நான் பக்கத்து வீட்டுத் தங்கச்சியை இருத்தி, தமிழில் சொல்லிச் சொல்லி வாசித்தேன். குவைத்தில் வீட்டு வேலை செய்து திரும்பியவள். எல்லா வேலைக்குமான ஒற்றை வேலைக்காரி காலையில் யன்னல் திறப்பதில் தொடங்குகிறாள். அடுப்புச் சாம்பல், நெருப்பு, சாப்பாட்டறை, வாசற்படி, சப்பாத்து, காலைச் சாப்பாடு, படுக்கை என்று போய், இரவு நெருப்பைக் கிளறி அணைத்துக் கதவு பூட்டுவதில் முடிக்கிறாள். வேலைக்காரர்களுக்குள் இரக்கப்பட வேண்டியவள் இவள் ஒருத்திதான் என்று பீட்டனே எழுதுகிறார். வருடச் சம்பளம் 9 முதல் 14 பவுண். தேயிலை, சீனி, பியர் வீட்டுக்காரர் கொடுத்தால் ஏழரை முதல் 11.

“தேத்தண்ணிக்கும் கழிக்கிறாளாகா?” என்றாள்.

“ஓம், சீனிக்கும்.”

சுறுசுறுப்பான பிள்ளை என்றால் கோடை காலத்துப் பின்னேரங்களில் இரண்டு மூன்று மணித்தியாலம் உட்கார்ந்து தன் உடுப்பைத் தைக்க நேரம் கிடைக்கும் என்ற இடம் வந்ததும் அவளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. “எழுதினவ ஒரு நாளாவது அந்த வேலை செய்திருக்காவா எண்டு பாருங்க” என்றாள். பிறகு நானே போட்ட கணக்கு: 9 பவுண் என்றால் 180 ஷிலிங். அந்தப் பிள்ளையின் ஒரு வருட உழைப்பு, 45 கிறிஸ்மஸ் புடிங். இரண்டு விலையும் ஒரே புத்தகத்தில் பக்கம் தள்ளிக் கிடக்கின்றன. சேர்த்துப் பார்க்கும் வேலையைப் பீட்டன் நமக்கே விட்டுவிட்டார்.

வாங்குவதென்றால் நூலால் தைத்த பைண்டிங் உள்ள பழைய பிரதியைத் தேடுங்கள். வெளிநாட்டில் உறவுகள் இருந்தால் பழைய புத்தகக் கடைகளில் பார்க்கச் சொல்லுங்கள். பிற்காலத்தில் அதே பெயரில் வந்த பதிப்புகளில் வேறு ஆட்கள் சேர்த்ததும் மாற்றியதும் ஏராளம், ஆகவே 1861 பதிப்பின் மறு அச்சுத்தானா என்று கேட்டு உறுதிப்படுத்துங்கள். கண் மங்கியவர்களுக்கு இணையப் பிரதிதான் வசதி, எழுத்தைப் பெருப்பிக்கலாம். மனைப்பொருளியல் படிப்பிக்கிற ஆசிரியைகள் கட்டாயம் வாசியுங்கள். கறித்தூளுக்கு நம்மூர் மில்லுக்கே போங்கள்.