அட்ஜஸ்டபிள் ஆர்ம் போட்டிருக்கிறீர்களா? லாக் நட்டைப் பாருங்கள்

என்னுடையது 2010 ஹோண்டா சிவிக். தாழ்த்தும் ஸ்பிரிங் போட்டதிலிருந்து பின் டயர்கள் உள்பக்கம் மட்டும் தேய்ந்து, ஒன்றில் கம்பியே தெரிந்தது. வண்டி தாழ்ந்தால் பின் சக்கரத்தின் மேல்பக்கம் உள்ளே சாயும். அந்தச் சாய்வைத்தான் கேம்பர் என்பார்கள். சக்கரத்தை வண்டியோடு பிணைக்கும் தண்டுதான் ஆர்ம். கம்பெனி ஆர்மில் அந்தச் சாய்வைத் திருத்த வழியில்லை. நீளத்தைக் கூட்டிக் குறைக்கும் மேல் ஆர்ம் போட வேண்டும். கோவைப் பட்டறைக்காரர் இதுவரை சொன்னதெல்லாம் உண்மைதான்.

"ஜப்பான் சாமான் சார், நாலு சக்கரத்துக்கும் அலைன்மென்ட் பார்த்துத் தர்றோம்" என்றார். 38,000 ரூபாய் கொடுத்தேன். பில்லில் "சஸ்பென்ஷன் வேலை" என்று ஒரே வரி.

மூன்றாம் வாரமே பின்னால் டக் டக்கென்று சத்தம். போன் செய்தால், "புது புஷ் சார், செட் ஆயிடும்." புஷ் என்றால் ஆர்மின் முனையில் இருக்கும் ரப்பர். அப்புறம் கோத்தகிரி இறக்கத்தில், மழையில், ஒரு வளைவில் பின்பக்கம் வழுக்கி எதிர்ப்பக்கம் போய்விட்டது. மனைவியும் மகளும் வண்டியில் இருந்தார்கள். எதிரே பஸ் வராததால் பிழைத்தோம். இன்னும் அதை நினைத்தால் கை நடுங்குகிறது.

மேட்டுப்பாளையத்தில் ஒரு மெக்கானிக் லிஃப்டில் ஏற்றிக் காட்டினார். ஆர்மின் நீளம் மாறாமல் பூட்டி வைப்பது லாக் நட். இடது ஆர்மில் அதை விரலாலேயே சுற்ற முடிந்தது. நடுக்குழாய் தானே சுழன்று, உள்ளே நாலைந்து மரைதான் பிடித்திருந்தது. திருகின் விட்டம் அளவுக்காவது மரை உள்ளே இருக்க வேண்டுமாம். ஆர்மில் எந்தக் கம்பெனி முத்திரையும் இல்லை. ரப்பர் புஷ்ஷும் கிழிந்திருந்தது: சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போதே போல்ட்டை முறுக்கியிருக்கிறார்கள். வண்டியின் எடை சக்கரத்தில் இறங்கிய பிறகுதான் கடைசி முறுக்கு முறுக்க வேண்டும். அலைன்மென்ட் தாளை எடுத்துப் பார்த்தேன். பின் சக்கரங்களுக்கான கட்டங்கள் காலி. கேம்பரை மாற்றினால் டோவும், அதாவது சக்கரத்தின் முன்பக்கம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவும், மாறும், பின்பக்கம் பார்க்காமல் விடவே கூடாது. வேலைக்கு முன்பும் வேலை முடிந்த பிறகும் எடுத்த அளவுகள் இரண்டையும் அச்சில் கேட்டு வாங்குங்கள்.

பழைய ஆர்மைத் திரும்பப் போடலாம் என்று போனால், "அது பழைய இரும்புக்குப் போயிடுச்சு சார்" என்றார்கள். கழற்றிய சாமானை அன்றே டிக்கியில் போட்டுக்கொள்ளுங்கள்.

புதிதாகக் கம்பெனி ஆர்ம் வாங்கிப் போட்டு, ஸ்பிரிங்கையும் பழையபடி மாற்றிவிட்டேன். பணத்தைக் கேட்டால் இப்போது போனை எடுப்பதில்லை. நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போகலாம் என்றால், என் கையில் இருப்பது அந்த ஒரு வரி பில்தான்.