ஸ்பான்சர் பிடித்துத் தரும் சேவை: 7,500 ரூபாய்க்கு என்ன கிடைத்தது?

தண்டையார்பேட்டையில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். என் தங்கை மாற்றுத்திறனாளிகளுக்கான பாரா தடகளத்தில் எஃப்57 பிரிவு, அதாவது உட்கார்ந்தபடி குண்டு எறிபவள். மாநில அளவில் பதக்கம் வாங்கிவிட்டாள், தேசியப் போட்டிக்கும் இரண்டு முறை போய் வந்தாள். அதற்கு மேல் போக வேண்டுமென்றால் காசு வேண்டும். "கம்பெனி ஸ்பான்சர் வாங்கித் தருகிறோம்" என்று சொன்ன ஒரு ஏஜென்சியிடம் போன வருஷம் 7,500 ரூபாய் கட்டினோம். பெயர் போடப்போவதில்லை. இதே வேலை செய்கிறவர்களிடம் போகிறவர்கள் என்னென்ன பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

முதலில், கம்பெனிகளிடம் கொடுக்க அவர்கள் தயாரித்த ஃபைல். 24 பக்கம், ஆர்ட் பேப்பர், ஸ்பைரல் பைண்டிங். என் கடையில் 600 ரூபாய்க்கு அடித்துக் கொடுத்துவிடுவேன், அது வேறு விஷயம். ஆனால் உள்ளே இருந்த ஒரு பக்கத்தைக் குறை சொல்ல மாட்டேன்: வருஷச் செலவுக் கணக்கு. கோச், ஆட்டோ, ரயில், சாப்பாடு, பிசியோ என்று எங்களை உட்கார வைத்து எழுத வைத்தார்கள். கூட்டினால் இரண்டு லட்சத்து பத்தாயிரம். இத்தனை நாள் அம்மா சீட்டுப் பணத்தில் சமாளித்ததால் யாரும் கூட்டிப் பார்த்ததே இல்லை.

அந்தக் கணக்கில் எறியும் நாற்காலியை மட்டும் "வீல்சேர்" என்று போட்டுவிட்டார்கள். மூன்று முறை சொல்லியும் திருத்தவில்லை. அது வீல்சேர் இல்லை. சக்கரமே கிடையாது. இரும்புச் சட்டம், தரையோடு இழுத்துக் கட்டுவார்கள், அதில் ஏறி உட்கார்ந்து பெல்ட் போட்டுக்கொண்டு எறிய வேண்டும். குஷனோடு சேர்த்து உட்காரும் உயரம் 75 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது என்பது விதி. எங்களுடையதைக் காசிமேட்டில் படகுக்கு வெல்டிங் செய்கிற பட்டறையில் செய்தோம். முதல் போட்டியில் நடுவர் டேப் வைத்தார்: 76.5. குஷனை உருவிவிட்டு வெறும் பலகையில் உட்கார்ந்து எறிந்தாள், ராத்திரி முழுக்க இடுப்பு வலி. இப்போது பட்டறைக்காரர் சட்டத்தையே குறைத்து, குஷனோடு 74-க்கு நிறுத்தியிருக்கிறார்.

அப்புறம் வீடியோ. பவானி தேவி எங்கள் பக்கம், வண்ணாரப்பேட்டைக்காரர். ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்ற முதல் இந்திய வாள்வீச்சு வீராங்கனை, டோக்கியோவில் முதல் ஆட்டத்தை 15-3 என்று ஜெயித்தார். ஆரம்பத்தில் மூங்கில் குச்சியில் பழகியவர். கேமராவோடு வந்த தம்பி நேராகவே கேட்டார்: "அவங்களுக்கு மூங்கில் குச்சி இருந்துச்சு. உங்ககிட்ட அந்த மாதிரி இன்னா சார் இருக்கு?" அம்மாவை அழச் சொன்னார். வீட்டு மாடிப்படியை எட்டு தடவை எடுத்தார். இரண்டரை நிமிஷ வீடியோவில் குண்டு எறிவது நாலே செகண்ட். தங்கை பார்த்துவிட்டு, "இன்னாண்ணா, குண்டு எங்க விழுந்துச்சுன்னு கூட காட்டல?" என்றாள். சண்டை போட்டு வீடியோவை வேறு மாதிரி எடிட் செய்து வாங்கினேன்.

இந்தச் சேவையின் பெரிய ஓட்டை 19, 20-ஆம் பக்கங்களில் இருந்தது. 19-இல் "உங்கள் லோகோ இங்கே": மார்பு, கை, நாற்காலி முதுகு என்று மூன்று ரேட். 20-இல் "இது சி.எஸ்.ஆர். செலவாகக் கணக்கில் வரும்". சி.எஸ்.ஆர். என்றால் கம்பெனிகள் சமூக நலனுக்காகச் சட்டப்படி செய்ய வேண்டிய செலவு. லோகோவும் அதுவும் ஒன்றாக ஓடாது. 2013 கம்பெனிகள் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில் ஒலிம்பிக், பாராலிம்பிக் விளையாட்டுப் பயிற்சி இருக்கிறது, சரி. ஆனால் தன் பொருளுக்கு விளம்பரம் தேடிக் கொடுக்கும் ஸ்பான்சர்ஷிப் சி.எஸ்.ஆர். ஆகாது என்று 2021 விதியில் எழுதியிருக்கிறது. இதை எனக்குச் சொன்னது ஏஜென்சி இல்லை, ஒரு கம்பெனியின் அக்கவுண்ட்ஸ் அம்மா. "லோகோன்னா மார்க்கெட்டிங்ல கேளுங்க சார், உதவின்னா எங்ககிட்ட வாங்க" என்றார். மார்க்கெட்டிங்கில் கேட்டால் பதக்கத்தோடு வரச் சொல்கிறார்கள். இப்படியே நாலு மாதம் போனது.

கடைசியில் லோகோ பக்கத்தைக் கிழித்துவிட்டுக் கொடுத்த ஃபைலுக்குத்தான் 80,000 கிடைத்தது, சி.எஸ்.ஆர். பணம் வாங்குவதற்கான சி.எஸ்.ஆர்-1 பதிவு உள்ள ஒரு டிரஸ்ட் வழியாக, இரண்டு தவணை. வீடியோவை அவர்கள் திறக்கவே இல்லையாம், செலவுக் கணக்கை மட்டும்தான் பார்த்தார்களாம்.

ஏஜென்சி ஒப்பந்தத்தில் ஒன்றைக் கட்டாயம் படியுங்கள். எங்களுடையதில் தங்கை படத்தை ஐந்து வருஷம் யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம் என்று ஒரு வரி இருந்தது. டோக்கியோவில் பதக்கம் வாங்கியதும் அனுமதி இல்லாமல் தன் படத்தைப் போட்ட பிராண்டுகள் மீது பி.வி. சிந்து தரப்பு சட்ட நடவடிக்கைக்குப் போனது ஞாபகம் வந்தது. அந்த வரியை அடிக்கச் சொன்னேன். மறு பேச்சில்லாமல் அடித்தார்கள், அதையும் சொல்ல வேண்டும்.

5-க்கு இரண்டரை. அந்த இரண்டரையும் கணக்குப் பக்கத்துக்கு. விளையாட்டு வீரர்களுக்கு உதவி தரும் தமிழக அரசின் எலைட், மிம்ஸ் திட்டங்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை, அதற்கு அரை மார்க் ஏற்கெனவே குறைத்துவிட்டேன்.

இந்த வருஷம் புதுப்பிக்க 5,000 கேட்டார்கள். ஃபைலை என் கடையிலேயே அடித்துக்கொண்டேன், "வீல்சேர்" என்று இருந்த இடத்தையெல்லாம் "எறியும் நாற்காலி" என்று மாற்றி.