பட்டாளத்து ஜீப்பா, தோட்டத்து ஜீப்பா? இரண்டு வருடம் ஓட்டிய பழைய ஃபோர் வீல் டிரைவ் பற்றி

விற்றவர் ஒரே வரிதான் சொன்னார்: "இது போருக்குப் போன வண்டி." அதற்கு அவர் காட்டியவை மூன்று. போனட்டில் வெள்ளை நட்சத்திரம், மங்கலான பச்சைப் பெயிண்ட், டேஷ்போர்டில் பளபளவென்று ஒரு வில்லிஸ் பிளேட். இரண்டு வருடம் தோட்டத்தில் ஓட்டி, அடியில் படுத்துச் சுரண்டி, உப்புத்தாள் போட்டு உரசிப் பார்த்தபிறகு எழுதுகிறேன்: அவர் சொன்னது முக்கால்வாசி உண்மை. ஆனால் காட்டிய மூன்றில் ஒன்றுகூட அதற்குச் சாட்சி இல்லை. இந்த மாதிரி வண்டி வாங்க நினைப்பவர்கள் அதைத் தெரிந்துகொண்டு போனால் நல்லது.

குழப்பம் ஏன் வருகிறது என்றால், 1941 முதல் 1945 வரை ஒரே ஜீப்பை இரண்டு கம்பெனிகள் செய்தன. வில்லிஸ் செய்தது எம்.பி., ஃபோர்டு செய்தது ஜி.பி.டபிள்யூ. இரண்டும் சேர்த்து ஆறு லட்சத்துக்கும் மேல். ஒன்றின் பாகம் மற்றதில் பொருந்த வேண்டும் என்பதே அமெரிக்க ராணுவத்தின் நிபந்தனை. போர் முடிந்த 1945-இலேயே விவசாயிகளுக்கென்று சி.ஜே.-2ஏ என்ற வண்டியை வில்லிஸ் கொண்டுவந்தது. அதிலும் அதே 80 அங்குல வீல்பேஸ், அதே 2.2 லிட்டர், 60 குதிரைத்திறன் பெட்ரோல் இன்ஜின். அப்புறம் என்ன, எழுபது எண்பது வருடமாக எது கையில் கிடைத்ததோ அதை மாட்டி ஓட்டியிருக்கிறார்கள். அதனால் "இது என்ன வண்டி" என்று கேட்பதைவிட "இதில் எந்தப் பாகம் எந்த வண்டியுடையது" என்று கேட்பதுதான் சரி.

முதலில் பிளேட். டேஷ்போர்டில் ரிவெட் அடித்த பிளேட்டுகள் அசலில் மூன்று இருக்கும், அவற்றில் ஒன்றில் தயாரித்த கம்பெனி, வரிசை எண், ராணுவத்திடம் ஒப்படைத்த தேதி எல்லாம் வரும். கேட்கும்போதே ஆசையாக இருக்கும். ஆனால் இதே பிளேட்டுகள் இன்று புதிதாக அச்சடித்துக் கிடைக்கின்றன. முழு உடற்கூடே புதிதாகத் தகட்டில் அடித்து விற்கிறார்கள். நட்சத்திரமும் பெயிண்டும் ஒரு நாள் வேலை. ஆகவே மேலே தெரிவதை விட்டுவிட்டுக் கீழே போங்கள்.

சேஸ்தான், அதாவது வண்டியின் அடிச்சட்டம்தான் பேசும். முன்பக்கம், ரேடியேட்டருக்கு அடியில் இரண்டு சட்டங்களையும் இணைக்கும் குறுக்குச் சட்டத்தைக் கையால் தடவிப் பாருங்கள். வில்லிஸ் என்றால் அது உருண்டைக் குழாய். ஃபோர்டு என்றால் கவிழ்த்துப் போட்ட தொட்டி மாதிரி மூன்று பக்கம் தட்டையாக இருக்கும். என் வண்டியில் குழாயை எதிர்பார்த்துக் கையை விட்டேன், தட்டையாகத் தட்டுப்பட்டது. டேஷ்போர்டு பிளேட் வில்லிஸ் என்கிறது, சேஸ் ஃபோர்டு என்கிறது! அந்த நிமிடமே பிளேட் எங்கிருந்தோ வந்து ஒட்டிக்கொண்டது என்று புரிந்துவிட்டது. அடுத்து போல்ட் தலைகள். ஃபோர்டு தன் போல்ட்டுகளிலும் பல பாகங்களிலும் சாய்வெழுத்தில் ஒரு சின்ன 'எஃப்' பொறித்தது. கிரீஸைத் துடைக்கத் துடைக்க ஒவ்வொன்றாக வெளியே வந்தது. அன்று சாயங்காலம் முழுக்க டார்ச் லைட்டும் பழைய பனியன் துணியுமாக வண்டிக்கு அடியிலேயே கிடந்தேன்.

சேஸ் எண் இருக்கும் இடமும் வேறு வேறு. வில்லிஸில் இடது சட்டத்தின் உட்பக்கம், முன் பம்பருக்குச் சற்றுப் பின்னால் ஒரு சின்னப் பிளேட் ரிவெட் அடித்திருக்கும். ஃபோர்டில் பிளேட் கிடையாது, இடது சட்டத்தின் மேல்புறத்தில் நேரடியாகப் பொறித்திருக்கும். அதன்மேல் பல வருடச் சேறும் பெயிண்டும் ஏறியிருந்ததால் கம்பி பிரஷ் போட்டு, எண்ணெய் தடவி, வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்தால்தான் எழுத்து தெரிந்தது. இதற்கு ஒருபோதும் கிரைண்டர் வைக்காதீர்கள். பொறித்த ஆழம் மிகக் குறைவு, ஒரு இழுப்பில் வண்டியின் வரலாறே போய்விடும்.

இன்ஜினில் கொஞ்சம் ஏமாற்றம். வலது பக்கம், பிளாக்கின் முன்மூலையில் வாட்டர் பம்புக்குப் பின்னால் ஒரு தட்டையான மேட்டில் எண் இருக்கும். ராணுவ இன்ஜின் என்றால் எண்ணுக்கு முன் எம்.பி. அல்லது ஜி.பி.டபிள்யூ. என்று வரும், ஃபோர்டில் அது சேஸ் எண்ணோடு ஒத்தும் போகும். என்னுடையது 'ஜே' என்று தொடங்கியது. அது சி.ஜே.-2ஏ இன்ஜின், யாரோ விவசாயி மாற்றியது. கியர் பாக்ஸும் அப்படித்தான், ராணுவ ஜீப்பின் டி-84 போய் அதைவிடக் கனமான டி-90 உட்கார்ந்திருக்கிறது. சேகரிப்பவர்கள் இதைக் குறை என்பார்கள். தோட்டத்தில் ஓட்டுகிற எனக்கு டி-90 ஒரு வரம்.

டிஃபரன்ஷியலை (இன்ஜினின் சுழற்சியைக் குறைத்து இரண்டு சக்கரத்துக்கும் பிரித்துக் கொடுக்கும் கியர்) திறக்காமலே சோதிக்க ஒரு வழி உண்டு. பின்பக்கம் இரண்டு சக்கரத்தையும் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள், முன் சக்கரங்களுக்குக் கட்டை கொடுங்கள், நியூட்ரலில் போடுங்கள். சாக்பீஸால் சக்கரத்திலும், டிஃபரன்ஷியலுக்குப் போகும் நீளத் தண்டான ப்ராபெல்லர் ஷாஃப்டிலும் கோடு போட்டு, இரண்டு பின்சக்கரத்தையும் சேர்த்து ஒரு முழுச் சுற்று சுற்றுங்கள். ஷாஃப்ட் ஐந்து சுற்றுக்குக் கொஞ்சம் குறைவாகச் சுற்றினால் 4.88, அது ராணுவ விகிதம். ஐந்தைத் தாண்டிக் கால் சுற்றுக்கு மேல் போனால் 5.38, சி.ஜே.-2ஏ. என்னுடையது 4.88.

உடற்கூட்டைப் பொறுத்தவரை, கிரில்லில் ஒன்பது திறப்பு இருந்தால் ராணுவம், ஏழு இருந்தால் சி.ஜே. (வில்லிஸின் முதல் இருபத்தைந்தாயிரம் சொச்சம் வண்டிகளில் மட்டும் தட்டைப் பட்டைகளை வெல்ட் பண்ணிய கிரில் இருக்கும்.) ராணுவ ஜீப்பின் ஹெட்லைட் சின்னது, கிரில்லுக்குள் ஒதுங்கியிருக்கும், அதன் பிடியைத் தளர்த்தித் திருப்பினால் இரவில் இன்ஜினுக்கு வெளிச்சம் காட்டும். எவ்வளவு யோசித்துச் செய்திருக்கிறார்கள்! பின்மூலைகளில் மூடி போட்ட டூல் பெட்டிகள் இருப்பதும் ராணுவ அடையாளம். என் வண்டியில் டூல் பெட்டிகள் இருந்தன, கூடவே சி.ஜே. போலத் திறக்கும் பின்கதவும் இருந்ததால் முதலில் தலை சுற்றியது. பிறகுதான் பார்த்தேன், பின்தகட்டைக் கேஸ் வைத்து வெட்டி, கீல் வெல்ட் பண்ணி யாரோ கதவாக்கியிருக்கிறார்கள். மூட்டை ஏற்ற வசதியாக இருக்கட்டும் என்று செய்திருப்பார்கள், இன்றைக்கும் வசதியாகத்தான் இருக்கிறது.

சரி, வண்டி எப்படி ஓடுகிறது? ராணுவக் கணக்கில் இது கால் டன் வண்டி: 800 பவுண்டு, அதாவது 363 கிலோ சுமை, 1000 பவுண்டு டிரெய்லர். அந்த அளவுக்குள் வைத்துக்கொண்டால் சேற்றிலும் மேட்டிலும் ஆடு மாதிரி ஏறிவிடுகிறது. முன் சக்கர டிரைவைப் போட்ட பிறகுதான் லோ ரேஞ்ச் (வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டும் கியர்) விழும். கெட்டியான தரையில் முன் டிரைவைப் போட்டு ஓட்டாதீர்கள், ஷாஃப்டும் கியரும் முறுக்கிக்கொள்ளும். உழவுக்கு மட்டும் நான் இதைச் சொல்லமாட்டேன். ராணுவ ஜீப்பின் லோ ரேஞ்ச் 1.97, சி.ஜே.-2ஏ-வில் 2.43, அதோடு அந்த 5.38 டிஃபரன்ஷியலும் சேர்ந்தால் அதே இன்ஜின் வேகத்தில் சி.ஜே. கால் பங்குக்கும் மேல் மெதுவாக ஊர்கிறது. கலப்பைக்கு அந்த நிதானம்தான் வேண்டும்.

பிரேக் 9 அங்குல டிரம். காலி வண்டிக்குப் போதும், டிரெய்லரோடு இறக்கத்தில் இறங்கும்போது முன்கூட்டியே கியரைக் குறைத்துவிடுங்கள். 6 வோல்ட் மின்சாரம் என்பதால் எர்த் ஒயரில் கொஞ்சம் துரு இருந்தாலும் ஸ்டார்ட்டர் சோம்பல் முறிக்கும். ஒயரைச் சுத்தமாக வைத்தாலே பாதிப் பிரச்சினை தீரும். பெட்ரோல் டேங்க் டிரைவர் சீட்டுக்கு அடியில், சீட்டைத் தூக்கித்தான் ஊற்ற வேண்டும். சூடான இன்ஜினை அணைத்துக் கொஞ்சம் ஆறவிட்டு ஊற்றுங்கள்.

முக்கியமான இரண்டு எச்சரிக்கை. இடது பக்கச் சக்கர நட்டுகள் இடது மரை, வலப்பக்கம் திருப்பினால்தான் கழலும், தெரியாமல் வழக்கம்போல் திருப்பினால் ஸ்டட் முறிந்துவிடும். பல ராணுவ ஜீப்புகளில் இரண்டு துண்டாகப் போல்ட் போட்டுச் சேர்த்த ரிம் இருக்கும், காற்றை முழுக்க இறக்காமல் அந்த ரிம் போல்ட்டுகளைத் தொடவே தொடாதீர்கள். ஆள் உயிர் போகும் விஷயம்.

வேறு வண்டிகளுக்கும் இதே முறைதான். 24 வோல்ட்டும் நீர் புகாத இக்னிஷனும் இருந்தால் 1950-க்குப் பிறகான ராணுவ ஜீப்பான எம்-38 ஆக இருக்கலாம். ராணுவ லேண்ட் ரோவர் என்றால் 24 வோல்ட், சீட்டுகளுக்கு அடியில் இரண்டு டேங்க், வெள்ளை அடித்த பின் டிஃபரன்ஷியல், அதன்மேல் விழும் சின்ன விளக்கு இவற்றைத் தேடுங்கள். இருட்டில் பின்னால் வரும் ராணுவ வண்டி பின்தொடர அந்த வெள்ளை. அந்த லேண்ட் ரோவருக்கே யோசனை வந்தது, ரோவர் கம்பெனியின் மாரிஸ் வில்க்ஸ் தன் பண்ணையில் ஓட்டிய போர்க்கால ஜீப்பிலிருந்துதான்.

அந்த வில்லிஸ் பிளேட்டை நான் கழற்றிவிட்டேன். பின்கதவையும் இழுவைக் கொக்கியையும் அப்படியே விட்டேன். போனட்டின் இடது பக்கத்தை நனைத்த உப்புத்தாளால் ஒரு அடுக்கு, ஒரு அடுக்காக உரசியதில் சிவப்பு, மஞ்சள், பச்சை எல்லாம் போய் அடியில் மங்கிய வெள்ளையில் 2, 0 என்று தெரிந்தது. அமெரிக்க ராணுவம் கால் டன் வண்டிகளுக்குக் கொடுத்த பதிவு எண் 20-இல்தான் தொடங்கும். அதற்கடுத்து நான்கு இலக்கம் படிக்க முடிகிறது, கடைசி இரண்டும் துருவோடு போய்விட்டன. அதே எண்ணை வலது பக்கமும் எழுதுவது வழக்கம், அறுவடை முடிந்ததும் அந்தப் பக்கத்தை உரசப்போகிறேன்.