ஓடு உடைந்த ஆமை: விடியும்வரை பொறுக்கலாமா, ராத்திரியே ஓடணுமா?

வாஸ்து, அதிர்ஷ்டம் என்று வாங்கிவந்து தொட்டியில் விடும் சிவப்புக்காது ஆமை ஓடு உடைவது பெரும்பாலும் இரண்டு வகையில்தான். வெயில் காயவிட்ட பால்கனியிலிருந்து விழும், இல்லையென்றால் நாய் வாயில் மாட்டும். ராத்திரி ஒன்பது மணிக்கு இப்படி நடந்தால் வழி மூன்று: விடியும்வரை வீட்டு வைத்தியம், பக்கத்துத் தெருவில் நாய், பூனை பார்க்கும் கிளினிக், ஊரின் மறுகோடியில் ஊர்வன பார்த்துப் பழகிய டாக்டர்.

வீட்டு வைத்தியக்காரர்கள் "ஓடுதானே, நகம் மாதிரி" என்பார்கள். நகம் போன்றது மேலே இருக்கும் மெல்லிய செதில் மட்டும்தான். அதற்கடியில் இருப்பது ரத்தம் ஓடும் எலும்பு. முதுகெலும்பும் விலா எலும்பும் அதோடு சேர்ந்தே வளர்ந்தவை. நுரையீரல் மேல் ஓட்டுக்கு நேர் கீழே இருக்கிறது. அதனால் முதுகில் விழுந்த விரிசலில் காற்றுக் குமிழி வந்தாலோ, ஓடு உள்வாங்கியிருந்தாலோ, உள்ளே சதை தெரிந்தாலோ, பின்னங்கால் அசையாவிட்டாலோ, வாயைத் திறந்து மூச்சு வாங்கினாலோ, சுத்தமான துணியால் பத்து நிமிடம் அழுத்தியும் ரத்தம் நிற்காவிட்டாலோ, விடியும்வரை காத்திருக்க வேண்டாம். நாய்க்கடி என்றால் துளை ஊசிமுனை அளவு இருந்தாலும் இதே கணக்குதான். பல்லோடு போன கிருமி உள்ளே தங்கிவிடும்; ஆமை அதைக் காட்டிக்கொள்ளாது. "கீரை தின்னுதே, நல்லாத்தான் இருக்கு" என்ற சமாதானம் செல்லாது.

ஓரத்தில் சின்னதாகச் சில்லு பெயர்ந்து, ரத்தம் இல்லாமல், ஆமை நடமாடிக்கொண்டிருந்தால் மறுநாள் காட்டிக்கொள்ளலாம். வீட்டு வைத்தியத்துக்கு அவ்வளவுதான் இடம். ஃபெவிகுவிக், எம்-சீல் வைத்து ஒட்டுவது இருப்பதிலேயே மோசமான யோசனை. கிருமியை உள்ளே வைத்துப் பூட்டுகிற வேலை அது.

பக்கத்து கிளினிக்கின் பலம் நேரம். ரத்தத்தை நிறுத்த, காயத்தை சலைன் (மருத்துவ உப்புநீர்) விட்டுக் கழுவ, எக்ஸ்ரே எடுக்க அங்கே முடியும். ரத்தம் கொட்டும்போது இரண்டு மணி நேரம் பயணம் செய்து நிபுணரிடம் போவதில் அர்த்தமில்லை. பலவீனம், மருந்து. காயத்தில் புழு வைத்த நாய்க்கு ஐவர்மெக்டின் ஊசி போடுவது நம்மூரில் சகஜம். அதே மருந்து ஆமைக்கு விஷம். கால்கள் செயலிழந்து செத்துப்போகலாம். ஆமைக் காயத்திலும் ஈ முட்டையிட்டுப் புழு வைக்கும் என்பதால் இது வெறும் பயமுறுத்தல் இல்லை. ஆமைக்கு ஐவர்மெக்டின் வேண்டாம் என்று டாக்டரிடம் வாய்விட்டே சொல்லுங்கள், கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

உயிர் உடனே போகும் நிலை இல்லையென்றால் என் ஓட்டு தூரத்து டாக்டருக்குத்தான். உடைந்த துண்டுகளை எப்போது சேர்ப்பது, எத்தனை நாள் திறந்துவைத்துக் கட்டுப்போடுவது, எந்த மருந்தை எந்த அளவில் கொடுப்பது எல்லாம் பழக்கத்தில் வருவது. உடைந்த ஓடு சேர மாதக்கணக்கில் ஆகும், சிலதுக்கு வருஷமும் தாண்டும். எப்படியும் அவரிடம்தான் போய் நிற்கப்போகிறீர்கள். சென்னைக்காரர்களுக்கு வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் இருக்கிறது. வெளியூர் என்றால் அருகிலுள்ள கால்நடை மருத்துவக் கல்லூரியில் கேட்டுப் பாருங்கள்.

எங்கே போனாலும் ஆமையைத் தண்ணீரில் விடாதீர்கள். திறந்த காயம் வழியாகத் தொட்டி அழுக்கு உள்ளே போகும். காற்றுத் துளை போட்ட அட்டைப்பெட்டியில் சுத்தமான துண்டு விரித்து, காயத்தின் மேல் சலைனில் நனைத்த காஸ் துணி வைத்து எடுத்துப் போங்கள். ஹைட்ரஜன் பெராக்சைடு, மஞ்சள், பாராசிட்டமால் எதுவும் வேண்டாம். பெயர்ந்த ஓட்டுத் துண்டு கிடைத்தால் அதையும் ஒரு கவரில் போட்டுக்கொள்ளுங்கள். தொட்டபின் சோப்புப் போட்டுக் கை கழுவணும், ஆமை மேல் சால்மொனெல்லா என்ற கிருமி இருக்கும்.

அடிபட்டது நட்சத்திர ஆமை என்றால் கதை வேறு. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதை வீட்டில் வளர்ப்பதே குற்றம். அந்தப் பயத்தில் ஒளித்துவைத்து வைத்தியம் பார்ப்பவர்கள் உண்டு. வனத்துறைக்குச் சொல்லி ஒப்படைப்பதுதான் அதற்குச் சிகிச்சை கிடைக்கும் வழி.