ஸ்காபரோவின் கஞ்சாக் கடையில் அரை மணி நேரம்

கனடாவில் ரொறன்ரோவுக்கு வடக்கேயுள்ள மார்க்கம் நகரில் வசிக்கும் நான், கடந்த மாதம் ரொறன்ரோவின் கிழக்குப் பகுதியான ஸ்காபரோவிலுள்ள அனுமதி பெற்ற கஞ்சாக் கடை ஒன்றுக்கு முதன்முறையாகப் போனேன். முழங்கால் நோவினால் இரவுத் தூக்கம் கெட்டுப்போயிருந்தது; உட்கொள்ளும் மற்ற மருந்துகளைக் குடும்ப மருத்துவரிடம் காட்டிக் கேட்ட பிறகே புறப்பட்டேன். இதற்காக இரண்டுக்கும் எல்லையான ஸ்டீல்ஸ் வீதியைக் கடக்க வேண்டியிருந்ததற்குக் காரணம் அரசியல்தான். 2018 ஒக்டோபர் 17 அன்று கனடா முழுவதும் கஞ்சா சட்டபூர்வமாயிற்று என்றாலும், தங்கள் எல்லைக்குள் கடை வேண்டுமா என்பதை 2019 ஜனவரிக்குள் தீர்மானிக்கும் உரிமையை ஒன்ராறியோ மாகாண அரசு நகரசபைகளுக்குக் கொடுத்தது; மார்க்கம் வேண்டாமென்றது. கடை இல்லையே தவிர, எங்கள் ஊரில் 30 கிராம் வரை உலர்ந்த கஞ்சாவைப் பையில் வைத்துக்கொண்டு நடப்பது குற்றமல்ல. ஊரின் மானம் காப்பாற்றப்பட்டது, எங்களுக்குப் பெற்றோல் செலவுதான் மிச்சம்.

கடையின் கண்ணாடிகளில் பால்நிறத் தாள் ஒட்டியிருந்தது. உள்ளே இருப்பது இளையோர் கண்ணில் படக்கூடாது என்பதற்காக இந்த ஏற்பாடு. வாசலிலேயே அடையாள அட்டை கேட்டார்கள். தலை முழுவதும் நரைத்த எனக்கு 19 வயது ஆகிவிட்டதா என்று ஒருவர் சரிபார்த்தது வேடிக்கையாக இருந்தாலும், யாரையும் விலக்காமல் கேட்பதே சரியான முறை. மாகாண அரசின் மதுக்கடைக்குள் பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு போகலாம். இங்கே கைக்குழந்தையுடன்கூட நுழைய முடியாது. இரண்டில் எது உடலுக்கு அதிகக் கேடு என்ற கேள்விக்கும் இந்த விதிகளுக்கும் தொடர்பிருப்பதாகத் தெரியவில்லை.

பணியிலிருந்த இளம்பெண் பொறுமையாகப் பேசினார். இத்தகைய கடைகளில் வேலை செய்பவர்கள் மாகாணம் ஏற்றுக்கொண்ட பயிற்சியை முடித்திருக்க வேண்டும் என்பதால், மில்லிகிராம் கணக்கு அவருக்கு மனப்பாடமாக இருந்தது. கஞ்சாவிலுள்ள வேதிப்பொருட்களில் போதை தருவது டிஎச்சி என்றும், சிபிடி அப்படிப்பட்டதன்று என்றும், வாய்வழி எடுப்பது வேலை செய்ய இரண்டு மணி நேரம்கூட ஆகலாம் என்பதால் பொறுமையிழந்து இரண்டாம் முறை எடுத்துவிடக் கூடாது என்றும் தெளிவாகச் சொன்னார். "இது நோவைக் குறைக்குமா?" என்று கேட்டதும் நிறுத்திக்கொண்டார். "அதற்குப் பதில் சொல்ல எங்களுக்கு அனுமதி இல்லை ஐயா, உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள்." விற்க வேண்டிய இடத்தில் விற்காமல் நின்ற அந்தப் பதில் எனக்குப் பிடித்திருந்தது.

நான் வாங்கியது சிபிடி அதிகமாகவும் டிஎச்சி குறைவாகவும் உள்ள 30 மில்லிலீற்றர் எண்ணெய். அலங்காரமற்ற பெட்டியின்மேல் டிஎச்சி உள்ளதைக் காட்டும் சிவப்பு எண்கோண முத்திரை, மஞ்சள் கட்டத்துக்குள் சுகாதார எச்சரிக்கை, தீர்வை முத்திரை, ஒவ்வொரு மில்லிலீற்றரிலும் எது எவ்வளவு என்ற கணக்கு, பொதியிட்ட திகதி எல்லாம் இருந்தன. 1923 இல் கனடா நாடாளுமன்றம் பெரிய விவாதம் எதுவுமின்றிக் கஞ்சாவைத் தடைப் பட்டியலில் சேர்த்தது. வெறுமனே வைத்திருப்பதைக் குற்றமாகக் கருத வேண்டியதில்லை என்று, போதைப்பொருள் பயன்பாட்டை ஆராய அரசு அமைத்த லெ டெய்ன் ஆணைக்குழுவின் பெரும்பான்மையினர் 1972 இல் பரிந்துரைத்தும் ஒட்டாவாவிலுள்ள மத்திய அரசு அசையவில்லை. தொண்ணூற்றைந்து ஆண்டுத் தடையால், கள்ளச் சந்தையில் வாங்குபவரின் கையிலிருக்கும் பொட்டலத்துக்குள் என்ன இருக்கிறது என்பதை ஒருநாளும் சொல்ல முடிந்ததில்லை. இந்தச் சிறிய பெட்டி அதைச் சொல்கிறது.

குறையும் உண்டு. சிறுவர் திறக்க முடியாதபடி செய்த மூடியை என்னாலும் திறக்க முடியவில்லை. அழுத்திக்கொண்டே திருக வேண்டும். விரல் மூட்டுகள் வீங்கியவருக்கு அது சிறிய வேலையன்று. முதல் இரவு பக்கத்து வீட்டுப் பையனைக் கூப்பிடலாமா என்று யோசித்து, அவனுக்குப் பதினாறு வயது என்பது நினைவுக்கு வந்ததும் விட்டுவிட்டேன். முதியோருக்கு இலகுவான மூடி வேறு இருக்கிறதா என்று கடையில் யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை.

விலை, 13 சதவீத விற்பனை வரியுடன் 45 டொலரைச் சற்றுத் தாண்டியது. சட்டபூர்வமான கடைகள் எல்லாமே மாகாண அரசின் ஒரே மொத்த விற்பனையாளரிடம்தான் வாங்க வேண்டும்; விற்கும் விலையை மட்டும் கடைகளே தீர்மானிக்கின்றன. முதலில் அன்றைய மாகாண லிபரல் அரசு மதுக்கடைகளைப்போல் அரசுக் கடைகளையே திறக்கத் திட்டமிட்டிருந்தது. 2018 இல் டக் ஃபோர்ட் மாகாண முதல்வராக ஆட்சிக்கு வந்து அதைத் தனியாருக்கு மாற்றி, முதல் 25 அனுமதிகளைக் குலுக்கல் முறையில் கொடுத்தார். பின்னர் அந்த எண்ணிக்கைக் கட்டுப்பாடும் நீங்கியதால்தான் இன்று சில வீதிகளில் ஒரே பார்வையில் இரண்டு கஞ்சாக் கடைகள் தென்படுகின்றன.

என்னைக் காரில் கூட்டிவந்த நண்பர் உள்ளே வரவில்லை. தொண்ணூறுகளின் நடுவில் சட்டைப்பையிலிருந்த சில கிராமுக்காக அவர் பிடிபட்டார். அந்தக் குற்றப் பதிவினால் அமெரிக்காவின் நியூ ஜேர்சியில் நடந்த அக்கா மகளின் கல்யாணத்துக்கு அவரால் போக முடியவில்லை. இத்தகையவர்களுக்காக 2019 ஓகஸ்ட் முதல் கட்டணமின்றிக் குற்றப் பதிவு இடைநிறுத்தம் பெறும் வழி வந்தது. ஆனால் அது தானாக நடப்பதன்று. விண்ணப்பிக்க வேண்டும், கைரேகைக்கும் நீதிமன்றப் பத்திரங்களுக்கும் கைக்காசு செலவழிக்க வேண்டும், பதிவும் அழிவதில்லை, ஒதுக்கி வைக்கப்படுகிறது. அமெரிக்க எல்லையில் அந்த மன்னிப்பை ஏற்கவேண்டிய கட்டாயமும் இல்லை. கறுப்பினத்தவரும் பூர்வகுடிகளும் அளவுக்கு மீறிக் கைதுசெய்யப்பட்ட ஒரு குற்றத்துக்கு, சட்டத்தை மாற்றிய அதே நாளில் பதிவுகளை மொத்தமாக அழித்திருக்க வேண்டும் என்பதே என் கருத்து.

கடை இரவு 11 மணி வரை திறந்திருக்கிறது, வாகனம் நிறுத்த இடமுண்டு, பணியாளர்கள் மரியாதையாக நடக்கிறார்கள். போத்தலை அமெரிக்காவுக்கோ விமானத்தில் வேறு நாட்டுக்கோ எடுத்துச் செல்லக் கூடாது என்று கேட்காமலே எச்சரித்தார்கள். காரில் ஏறியதும் நண்பர் பற்றுச்சீட்டை வாங்கி, வரித் தொகை எழுதியிருந்த இடத்தை இரண்டு தரம் வாசித்தார். "அப்போது என்னிடம் அபராதம் வாங்கினார்கள், இப்போது உன்னிடம் வரி வாங்குகிறார்கள்" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார்.