யாலவா, உடவளவையா?
இலங்கைத் தெற்கில் விடுமுறை, கையில் ஒரே நாள், கூட யாருமில்லை. இரண்டுமே காட்டு விலங்கு பார்க்கப் போகும் தேசியப் பூங்காக்கள்; இரண்டு இடத்திலும் ஜீப் வாடகை வண்டிக்குத்தான், ஆளுக்கு அல்ல. தங்கும் விடுதியில் சொல்லிவைத்து யாருடனாவது சேர்ந்துகொண்டால்தான் கட்டுபடியாகும்.

யாலவின் புகழே சிறுத்தையால்தான். ஆனால் ஒன்று தென்பட்டதாக டிரைவர்களுக்குள் தகவல் பறந்தால் போதும், ஜீப்புகள் மொய்த்துவிடும். அந்தப் புழுதியில் மரக்கிளையிலிருந்து தொங்கும் வால் மட்டும் தெரிந்தாலே அதிர்ஷ்டம்! செப்டம்பர் வாக்கில் வறட்சி என்று முதல் பிளாக்கை, அதாவது பயணிகள் அதிகம் போகும் பகுதியை, மூடுவதும் உண்டு.

உடவளவையில் சிறுத்தை ஆசையை விட்டுவிடலாம். யானை மட்டும் எந்த மாதமும் உண்டு. வெட்டவெளிப் புல்வெளி என்பதால் நிதானமாகப் பார்க்கலாம்: புல்லைக் காலால் உதைத்துப் பெயர்த்து, மண் போக உதறிவிட்டுத்தான் வாய்க்குள் போகும். அப்புறம், பக்கத்திலேயே 1995இல் தொடங்கிய யானைக்குட்டிக் காப்பகம்; பால் கொடுக்கும் நேரம் கேட்டுப் போங்கள்.

ஒரே நாள் என்றால் உடவளவைதான். சிறுத்தை பார்த்தே தீரவேண்டும் என்பவர் யாலவுக்கு இரண்டு நாளாவது ஒதுக்கட்டும்.