போக்கர்டிராக்கர் 4: எதிராளியைப் படிக்க உதவுகிறதா?

ஆன்லைன் போக்கரில் எதிராளிகள் எப்படி ஆடுகிறார்கள் என்பதைப் பதிவுசெய்து எண்களாகக் காட்டும் மென்பொருள் இது. நான் ஆடுவது நோ லிமிட் ஹோல்டம் (பெட்டுக்கு உச்சவரம்பில்லாத போக்கர் வகை), ஆறு பேர் மேசை. அதற்குத்தான் இதை ரொம்ப நாளாகப் பயன்படுத்துகிறேன். ஒவ்வொரு ஆட்டக்காரரின் பெயருக்குப் பக்கத்திலும் எண்களைக் காட்டும் ஹட் வசதிக்காகவே காசு கொடுக்கலாம், ஆனால் அதில் ஏகப்பட்ட எண்களை அடுக்கி வைத்துப் பயனில்லை. எனக்கு மூன்று போதும்: எத்தனை சதவீத ஹேண்டில் (ஹேண்ட் என்றால் சீட்டுப் போட்டு ஆடும் ஒரு ஆட்டம்) தானாகப் பணம் போட்டு இறங்குகிறார், ஃபிளாப்புக்கு (மேசையில் விழும் முதல் மூன்று பொதுச் சீட்டு) முன் எத்தனையில் ரெய்ஸ் செய்கிறார், அதாவது பந்தயத்தை ஏற்றுகிறார், இதுவரை அவருடைய எத்தனை ஹேண்ட் நம்மிடம் இருக்கிறது.

ஒருவர் 48/6 என்று வைத்துக்கொள்ளுங்கள்; முதல் எண் இறங்கும் சதவீதம், இரண்டாவது ரெய்ஸ் சதவீதம். பாதி ஹேண்டில் இறங்குவார், ரெய்ஸ் அபூர்வம். என் கையில் ஏஸ் கிங், மேசையில் ஏஸ், ஜாக், 7, 2, 6, ஃபிளஷுக்கு (ஒரே இனத்தில் ஐந்து சீட்டு) வழியில்லை. ரிவரில் (கடைசிப் பொதுச் சீட்டு வந்தபின்) பாட், அதாவது நடுவில் சேர்ந்த பணம், 100, நான் 50 வைக்கிறேன், அதுவரை கால் மட்டுமே (பெட்டுக்கு ஈடாகப் பணம் போடுவது) செய்து வந்தவர் 150 ஆக ஏற்றுகிறார். நான் இன்னும் 100 போட்டால் பாட் 400, அதாவது நாலில் ஒரு தடவையாவது நான் ஜெயிக்க வேண்டும். 30/25 ஆடுபவர் இதைச் செய்தால் உட்கார்ந்து யோசிப்பேன். இவரிடம் உடனே ஃபோல்ட் (சீட்டைப் போட்டுவிட்டு விலகுவது), இரண்டு ஜோடியாவது இல்லாமல் இவர் ஏற்ற மாட்டார். இவரிடம் பிளஃப்பும் (மோசமான சீட்டோடு பெட் வைத்து மிரட்டுவது) வேண்டாம், நல்ல சீட்டு வந்தால் பெரிதாகவே பெட் வையுங்கள், கால் செய்வார்.

எல்லா எண்ணையும் ஒரே மாதிரி நம்பக் கூடாது. இறங்குகிறாரா இல்லையா என்பது ஒவ்வொரு ஹேண்டிலும் எடுக்கும் முடிவு, அதனால் சில பத்து ஹேண்டிலேயே ஓரளவு பிடிபடும். ரிவர் பெட்டுக்கு ஃபோல்ட் செய்வாரா என்பது அப்படியில்லை, அந்தக் கட்டம் வருவதே அரிது. 80 சதவீதம் என்று திரையில் தெரியும், உள்ளே போய்ப் பார்த்தால் 5-க்கு 4. அதை நம்பிப் பெரிய பிளஃப் வைப்பவர்களைப் பார்த்தால் மனசு பொறுக்கவில்லை.

அப்புறம் குறிப்பு எழுதுவது. எண்களைவிட இதைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன். ‘நல்ல பிளேயர்’ என்று எழுதினால் எதற்கும் உதவாது. ‘டர்னில் பாட்டைவிடப் பெரிய பெட், ஷோடவுனில் காட்டியது வெறும் ஃபிளஷ் டிரா’, அதாவது நாலாவது பொதுச் சீட்டில் பெரிதாகப் பெட் வைத்தவர் கடைசியில் காட்டியது இன்னும் முடியாத ஃபிளஷ் என்று எழுதினால் அடுத்த முறை கால் செய்யக் காரணம் கிடைக்கிறது.

ஜிஜிபோக்கர் என்ற ஆன்லைன் போக்கர் தளத்தில் வெளி ஹட்டுக்கு அனுமதி கிடையாது, அங்கே மட்டும் ஆடுபவர்கள் இதை வாங்க வேண்டாம். நான் இருப்பது இங்கிலாந்தில். இந்தியாவில் 2025 சட்டம் ஆன்லைன் பண ஆட்டத்தையே தடை செய்துவிட்டதால் அங்கிருப்பவர்களுக்கும் இப்போது இது தேவைப்படாது.